நீலக் குதிரைகள்



குதிரை நீல நிறமாக இருக்குமா? இவ்வினாவை எந்த வகுப்பில் கேட்டாலும் சிரிப்பொலிதான் விடையாகக் கிடைக்கும். ஆயினும், நீலக் குதிரைகளை வரைந்தே உலகப் புகழ் எய்தினார் ஓர் ஓவியர். ஜெர்மனியின் மூனிக் நகரில் 1880ஆம் ஆண்டு பிறந்த பிரான்ஸ் மார்க் என்பவரே அவர்.

இளமையில் அவருடைய உள்ளம் சமயத்தை நாடியது, பாதிரியாராக விரும்பினார். பின்னர் 1900ஆம் ஆண்டில் மூனிக் ஓவியக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். தொழில் மாறிற்று, வேட்கை மாறவில்லை. தேவாலயத்தில் தேட எண்ணிய தூய்மையை மேய்ச்சல் நிலங்களிலே தேடலானார். மனிதரிடம் காணாத மாசின்மையை விலங்குகளிடம் கண்டார். அவற்றின் எலும்பு, தசை அமைப்புகளை ஆழ்ந்து பயின்று, பிறருக்கும் கற்பித்தார்.

இதனை நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டும். குதிரையின் நிறத்தை அறியாதவர் அல்லர் அவர். அறிந்தபின் அதனைக் கடந்தவர். நீலம் ஆன்மிகத்தின் நிறம், மஞ்சள் மென்மையும் மகிழ்ச்சியும் உடையது, சிவப்பு பருப்பொருளைக் குறிப்பது என்று 1910இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். குதிரைக்கும் மானுக்கும் கழுகுக்கும் இவ்வுலகம் எவ்வாறு தோன்றும் என்பதே அவர் தமக்குள் எழுப்பிய வினா. 1911ஆம் ஆண்டில் காண்டின்ஸ்கியுடன் சேர்ந்து ‘நீலக் குதிரைவீரன்’ என்னும் ஓவியர் குழுவைத் தோற்றுவித்தார். ‘பெரிய நீலக் குதிரைகள்’ என்னும் ஓவியம் அவ்வாண்டிலேயே பிறந்தது. அதில் குதிரைகளின் கழுத்து வளைவும் பின்னே நிற்கும் குன்றுகளின் வளைவும் ஒன்றாகவே இயைந்திருக்கும். உயிரும் நிலமும் வேறல்ல என்பதை அவர் கோடுகளாலேயே கூறிவிட்டார்.

1913இல் வரைந்த ‘விலங்குகளின் விதி’யில் அவ்வமைதி இல்லை. மரங்கள் முறிந்து வீழ்கின்றன. மான் ஒன்று தலையை மேலே உயர்த்தி நிற்கின்றது. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. புல்லையும் மானையும் நேசித்த அவர், போர் ஐரோப்பாவைத் தூய்மைப்படுத்தும் என நம்பித் தாமே படையிற் சேர்ந்தார். அருளுள்ளம் படைத்தோரையும் காலத்தின் வெறி பற்றிக்கொள்ளும் என்பதற்கு இஃது ஒரு சான்று. 1916 மார்ச் 4ஆம் நாள், வெர்தூன் போர்முனையில் குதிரைமீது வேவு பார்க்கச் சென்றபோது, குண்டுச் சிதறல் பாய்ந்து மாண்டார். அப்போது வயது முப்பத்தாறே.

அவருடைய ‘நீலக் குதிரைகளின் கோபுரம்’ என்ற ஓவியத்தை 1937இல் நாஜி அரசு இழிந்த கலையென்று பழித்துக் கைப்பற்றியது. 1945க்குப்பின் அஃது எங்குள்ளது என்பது தெரியவில்லை.

நீண்ட காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் உங்களுக்கு ஒன்று சொல்வேன். நாளை வீதியிலே வண்டி மாட்டையோ, திண்ணையில் கிடக்கும் நாயையோ கண்டால் ஒரு கணம் நில்லுங்கள். ‘இதன் கண்ணுக்கு இவ்வீதி எப்படித் தோன்றும்?’ என்று எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணத்தோடு எழுதுகோலை எடுங்கள். நீங்கள் தீட்டும் நிறம் எதுவாயினும், அதில் உயிர் இருக்கும்.