தரிசு நிலமும் மாதச் சம்பளமும்



பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் சில, அங்கேயே சிறு நிலம் ஒன்றும் உடையனவாய் இருக்கின்றன. பாட்டனார் வாங்கிய நிலம். தந்தையார் உழுத நிலம். பிள்ளைகள் உத்தியோகம் பார்க்கப் போனபின் முட்புதர் மண்டிய நிலம். அப்படிப்பட்ட நிலத்தை மாதச் சம்பளத்தைக் கொண்டு மீட்க முற்படும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைப் பற்றிச் சிறிது நேரம் பேச எண்ணுகிறேன். அக்குடும்பம் எங்களுடையதே.

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றங்கரையில் உள்ளது நஞ்சன்கூடு. நஞ்சுண்டேசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் ரசபாளை வாழையும் புகழ் பெற்றது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் நாட்டு ரஸ்தாளிக்கு நெருங்கிய உறவு அது. என் பாட்டனார் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி வந்து, நஞ்சன்கூட்டுக்கு அருகே இரண்டரை ஏக்கர் வாங்கினார். வாய்க்கால் பாயாத மேட்டு நிலம். ஒரு கிணறு, நாற்பது தென்னை, ஓட்டு வீடு ஒன்று. தந்தையார் மறைந்தபின் பன்னிரண்டு ஆண்டுகள் அது தரிசாகவே கிடந்தது.

குத்தகைக்கு விட்டிருக்கலாமே என்று பலர் கேட்பர். கர்நாடகத்தில் 1974இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், உழுதவர்க்கு நிலத்தை உரிமையாக்கியதோடு, சில விலக்குகள் நீங்கலாகக் குத்தகையையே தடை செய்துவிட்டது. அச்சட்டத்தால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் மிகப் பல. அதனை நான் குறை கூறேன். ஆயினும் வெளியூரில் வாழும் சிறு நிலக்காரர் தாமே உழ வேண்டும், அல்லது தரிசாக விட வேண்டும் என்பதும் அதன் விளைவே.

முதற்செலவு கலப்பைக்கு அன்று, காகிதத்திற்கே. தந்தையார் பெயரிலிருந்த நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு இங்கே ‘பௌதி காதே’ என்று பெயர். வம்ச விருட்சம் என்னும் குடும்பக் கொடிவழிச் சான்று அதற்கு வேண்டும். நம் ஊரில் அடங்கல் என்பதை இங்கே பஹணி என்பர். மொழிபெயர்ப்பு என் தொழிலாதலின் இச்சொற்களில் சற்று மயங்கி நின்றேன்: பௌதி என்பது இறப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு, பஹணி மராத்தியிலிருந்து வந்தது, பார்வையிடுதல் என்று பொருள். அளவையும் வேறு. ஏக்கருக்கு நாற்பது குண்டே. ஒரு குண்டே நம் இரண்டரை சென்ட். மத்திய அரசு ஊழியனாகையால், நிலம் என் பெயருக்கு வந்ததை அலுவலகத்திற்கும் தெரிவித்தேன்.

இனிப் பணம். நான் 2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் பின் பணியில் சேர்ந்தவன். பழைய ஊழியர்களைப்போல் பொதுச் சேமநிதியிலிருந்து முன்பணம் பெறும் வசதி எனக்கில்லை. ஆகவே மாதம் 12,000 ரூபாய் ஒதுக்குவதென முடிவு செய்தோம். அதில் 7,000 அஞ்சலகத் தொடர் வைப்பிற்கு. ஐந்தாண்டில் அசல் மட்டும் 4,20,000 ஆகும். எஞ்சிய 5,000 ஆள்கூலிக்கும் போக்குவரவுக்கும்.

பன்னிரண்டாயிரம் என்று எழுதுவது எளிது. அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சமையலறை அறியும். வாடகை வீட்டை மாற்றி, நகரின் ஓரத்தில் சிறிய வீட்டிற்குச் சென்றோம். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தாடை. கோடை விடுமுறையில் தஞ்சைப் பக்கம் உறவினர் வீடுகளுக்குச் செல்லும் வழக்கம் இரண்டாண்டாக நின்றது. அதனால் எழுந்த மனத்தாங்கல் இன்னும் முழுதும் தீரவில்லை. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒரு நாள், “அப்பா, அந்தக் கிணறு என்னைவிட அதிகம் சாப்பிடுகிறது” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுமாதமே அவள் விரும்பிய ஓவிய வகுப்பிற்கென 800 ரூபாயை ஆள்கூலிக் கணக்கிலிருந்து என் மனைவி பிரித்து வைத்துவிட்டாள். என்னிடம் கேட்கவும் இல்லை.

வீட்டில் உண்மையான வழக்கு வேறொன்று. கிணற்றைத் தூர்வாரிக் கரை கட்டுவதே முதல் வேலை என்பது என் எண்ணம், நீரின்றி நிலமேது? ஓட்டு வீட்டின் கூரையே முதல் வேலை என்றாள் என் மனைவி. “அத்தைக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்தாண்டுத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும், அவர்களுக்குப் பொருந்துமா?” என்றாள். என் தாயார் எதுவும் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி இருந்தார். அவ்வளவில் வழக்கு முடிந்தது. தொடர் வைப்பில் பன்னிரண்டு தவணை செலுத்தியபின் இருப்பில் பாதி வரை கடன் பெறலாம் என்பது விதி. மூன்றாம் ஆண்டு முடிவில் அக்கடனைப் பெற்று, ஓர் அறைக்கும் சமையற்கட்டிற்கும் புது ஓடு வேய்ந்தோம். கிணறு ஓராண்டு பிந்தியது.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் சாமராஜநகர் செல்லும் ரயிலில் நஞ்சன்கூட்டில் இறங்குகிறோம். மகனும் நானும் உண்ணிச்செடியை வேரோடு களைகிறோம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும், கையுறையின்றித் தொடலாகாது. பட்டுப்போன தென்னைகளை வெட்டியதில் நாற்பதில் இருபத்தாறு எஞ்சின.

ரசபாளை நடவேண்டும் என்பது தாயாரின் ஆசை. அவ்வாழையை இவ்வட்டாரத்தில் அருக வைத்தது பனாமா வாடல் நோய். அதன் பூசணம் மண்ணிலேயே பல்லாண்டு தங்கும். நோய் கண்ட தோட்டத்துப் பக்கக்கன்றோடு புதுத் தோட்டத்திற்கும் சென்றுவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்போடு தந்த கன்றுகளை ஏற்க மறுப்பது அம்மாவிற்கு மிகவும் சங்கடமாயிருந்தது. வாழையே நட்டறியாத கீழ்மூலையில், திசு வளர்ப்புக் கன்றுகளாக ஆறு வரிசை மட்டும் வைப்பதென்று ஒருவாறு உடன்பட்டார். மற்ற இடமெல்லாம் கேழ்வரகு, ஊடே அவரை.

சென்ற மாதம் முதல் அம்மா அங்கேயே தங்குகிறார். துணைக்கு ஊர்க்கார அம்மாள் ஒருவர் இரவில் வந்து படுக்கிறார். தூர்வாரிய கிணற்றில் பதினோராவது அடியில் ஊற்றுக் கண்டதும் தொலைபேசியில் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: வரும் ஞாயிறன்று வரும்போது அவரை விதை ஒரு படி வாங்கி வருவீர்களா என்று.