மடிநோய் ஊசியும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

(திருத்தணியில் கறவை மாடு வளர்ப்போர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மடிநோய்க்கு ஓர் ஊசி போட்டதும் வீக்கம் வடிந்தால், மீதி ஊசிக்குச் செலவு எதற்கு என்று நிறுத்திவிடுவோர் உண்டு. மறுமுறை நோய் கண்டால் மருத்துவரைக் கேளாமல் கடையில் அதே மருந்தை வாங்குகிறார்கள். பல சமயம் அது கேட்பதில்லை.

இது நமக்குப் புதிதல்ல. 1987-இல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பருத்தியில் பச்சைக் காய்ப்புழு எத்தனை முறை மருந்தடித்தும் சாகவில்லை. மருந்துக்குத் தப்பிய புழுக்களே பெருகியிருந்தன. மடியிலுள்ள பாக்டீரியாவும் அப்படித்தான். ஆனால் அது புழுவைவிடப் பொல்லாதது. மருந்தைத் தாங்கும் தன்மையை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். பால், சாணம், கறப்பவர் கை ஆகியவற்றின் வழியே அது வீட்டுக்குள்ளும் வரும்.

மனிதருக்கான மருந்தும் இப்படியே பலனிழந்து வருகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசிக் கட்ட மருந்துகளுக்கும் அடங்காத 44 கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து காட்டப்பட்டன. அத்தகைய நோயாளிகளுக்கு எஞ்சிய சில மருந்துகளில் கொலிஸ்டின் ஒன்று. அதையே கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்கென்று கலந்துவந்தார்கள்! 2019 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது.

இனி, ஊசி போட்ட மாட்டின் பால். அதைக் கொட்டச் சொன்னால் வயிறு எரியும், உண்மைதான். ஆனால் மருந்து கலந்த பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுதும் போய்விடாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. உறைக் கிருமியையே மருந்து கொன்றுவிடும். எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே இருக்கும். அதில் குறிப்பில்லையானால் குறைந்தது 7 நாள் என்பது 2012-இல் வந்த விதி. ஆகவே ஊசி போடுமுன்பே மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் ஊசி? எத்தனை நாள் பால் ஒதுக்க வேண்டும்?

நோய் வராமல் காத்தால் இந்த நட்டமே இல்லை. கறந்தவுடன் காம்புத் துளை மூடியிருப்பதில்லை. மாடு உடனே படுத்தால் கிருமி ஏறும். கறந்ததும் தீவனம் வைத்து அரை மணி நேரம் நிற்க வையுங்கள். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறங்கள்.

வீக்கம் தொடங்கும்போதே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவி, நீர் கலந்து நாளைக்குப் பத்து முறை ஐந்து நாள் தடவலாம். மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலில் படுத்தால் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.