சிரிப்பு வாயுவும் அடைபட்ட காற்றும்

(வேளாங்கண்ணி சந்திப்பில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். நைட்ரஸ் ஆக்ஸைடு ரத்தத்தில் நைட்ரஜனைவிட ஏறக்குறைய 34 மடங்கு கரையும். உடம்புக்குள் எங்காவது காற்று அடைபட்டிருந்தால், நைட்ரஜன் வெளியேறுவதற்குள் இது மளமளவென்று உள்ளே புகுந்துவிடும். ஈகரும் சைட்மனும் 1965-லேயே நாய்களில் காட்டினார்கள்: 75 சதவீதம் கொடுத்தால், நுரையீரலுக்கு வெளியே நெஞ்சில் தேங்கிய காற்று பத்தே நிமிடத்தில் இரட்டிப்பாகும். குடல் காற்று மெதுவாகத்தான் ஊதும்.

நெஞ்சை எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நான் பயப்படுவது கண்ணுக்கு. விழித்திரை ஆபரேஷனில் வைக்கும் பெர்ஃப்ளூரோபுரோப்பேன் குமிழி இரண்டு மாதம்கூடத் தங்கும். கண் என்ன பலூனா, விரிந்துகொடுக்க? அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, பார்வையே போய்விடும். மயக்கத்தில் கிடப்பவர் எப்படி ஐயா வலிக்கிறது என்பார்?

செப்டம்பர் 8 திருவிழாவுக்கு இந்த ஊருக்கு நடந்தே வருகிறவர்களை நினையுங்கள். மதுரையிலோ சென்னையிலோ கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் வழியில் விழுந்து கை ஒடிந்து நம்மிடம் வந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் கிடக்கும். கையில் பட்டை கட்டி அனுப்பியிருந்தால் கத்தரிக்காதீர்கள், படியுங்கள். பட்டை இல்லையா, "அம்மா, கண்ணுல கேஸ் வச்சாங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் நைட்ரஸைத் தொடவே வேண்டாம். ஆக்ஸிஜனும் காற்றும் போதும். கை மட்டும்தான் என்றால் மரத்துப்போகும் ஊசியிலேயே முடித்துவிடலாம்.