வலிக்காத காலுக்கும் செருப்பு வேண்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரவு செலவு முடிந்ததும் பத்து நிமிஷம் செருப்பைப் பற்றிப் பேசணும்னு கேட்டிருந்தோம். வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வந்ததைப் பற்றி என்ன பேச்சுன்னு சிலர் சிரிச்சீங்க. நாங்களும் இப்படிச் சிரித்தவர்கள்தான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

பாகலூர் பக்கம் ஒரு குழுவில் சர்க்கரை நோய் உள்ள அக்கா ஒருத்தர், ரோஜாத் தோட்ட வேலைக்குப் போகிறவர். டாக்டர் சொன்ன செருப்பு வாங்க ஆயிரம் ரூபாய் கடன் கேட்டார். "செருப்புக்கெல்லாமா லோன்?" என்று உறுப்பினர்கள் சிரித்தார்கள். அங்கே இருந்த நாங்களும் சிரித்துவிட்டு நோட்டை மூடினோம். சில மாதம் கழித்து அவர் காலில் முள் ஏறியது. ஏறியதே அவருக்குத் தெரியாது. நாலாம் நாள் நாற்றம் வந்து மகள்தான் பார்த்திருக்கிறாள். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் செலவுக்கு அதே குழு இருபதாயிரம் கொடுத்தது, மறுபேச்சே இல்லாமல். லெட்ஜரில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு உறுத்துகிறது.

முள் ஏறினது எப்படித் தெரியாமப் போகும்? சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கால் நரம்பு கெடும். நாம "கால் மரத்துப் போச்சு" என்போம். தெலுங்கு பேசுறவங்க "திம்மிரி" என்பாங்க, கன்னடக்காரங்க "ஜோமு" என்பாங்க. மூணு பாஷையிலும் வியாதி ஒண்ணுதான். ரத்த ஓட்டமும் குறைந்தால் சின்னப் புண்கூட ஆறாது. சிலருக்கு எரிச்சல் இருக்கும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. வலிக்கலை, அதனால கால் நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடுறோம்.

இதை உலகத்துக்குப் புரிய வைத்தவர்களில் ஒருவர் வேலூரில் இருந்தார். டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளியின் கால் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்ட இடத்திலேயே மிதித்து மிதித்து நடப்பதால்தான் புண் ஆகிறது என்று காட்டினார். அந்த நோயாளிகளுக்காக வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் வளர்ந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. மேலே நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் இருக்கும். அது உடம்பு பாரத்தை ஒரே இடத்தில் இறங்க விடாமல் பரப்பும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்னால் வார். ஆணி கிடையாது.

"அது தொழுநோயாளி செருப்பாச்சே, ஊர்ல என்ன சொல்வாங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இப்போது சாதாரண செருப்பு மாதிரியே பல மாடலில் செய்கிறார்கள். ஊர் பேசுவதைக் கேட்டுக் காலை விட்டுவிட முடியுமா?

ஹவாய் செருப்பு மரத்த காலுக்கு ஆகாது. விரல் இடுக்கில் புண் போடும், கழன்று விழுந்தாலும் தெரியாது. செருப்பைச் சாயங்காலம் வாங்குங்க, அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். தாளில் நின்று பாதத்தை வரைந்து, செருப்பு மேல் வைத்துப் பாருங்க. வெளியே நீட்டினால் அது உங்களுக்கு இல்லை. மெட்டி இறுகினால் கழட்டி வையுங்க, சாமி கோபிக்காது. வெயில் நேரத்தில் கோயில் கல்லில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம், காலையிலேயே போயிட்டு வாங்க. வீட்டுக்குள்ளும் செருப்பு போடணும். இதுதான் நம்ம வீடுகளில் கஷ்டம், தெரியும். உள்ளே போட மட்டும் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கலாம்.

சிப்காட் கம்பெனிக்குப் போகிற மகனுக்கோ வீட்டுக்காரருக்கோ சர்க்கரை இருந்தால், சேஃப்டி ஷூவுக்குள் தினமும் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. உள்ளே ஒரு கல் கிடந்தாலும் மரத்த கால் சொல்லாது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை, விரல் இடுக்கைப் பார்க்கணும். குனிய முடியாதவங்க தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்க. ஏற்கெனவே புண் இருந்தாலோ விரல் இழந்திருந்தாலோ கடைச் செருப்பு போதாது. பாரம் புண்மேல் விழாதபடி, அந்தப் பாதத்துக்கென்றே அளவெடுத்து உள்மெத்தை செய்யணும். அதை டாக்டர்தான் எழுதித் தரணும். புண்ணோடு நடந்துகொண்டே இருக்காதீங்க.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலர்களும் குழுப் பெண்கள்தான். அவங்ககிட்டே சர்க்கரை மாத்திரை வாங்கும்போது காலையும் காட்டுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கால் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற சோதனை அது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு, சர்க்கரை உள்ள உறுப்பினர்கள் பழைய மாத காலண்டர் தாள் இரண்டு கொண்டு வாங்க, எல்லோர் பாதத்தையும் வரைந்து எடுப்போம். செருப்புக் கடனுக்கான தீர்மானத்தையும் தலைவிகள் எழுதிக் கொண்டு வரணும். பாகலூர் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார், தன் புதுச் செருப்பைக் கொண்டுவந்து காட்டுவார்.