அந்த ‘வேற துறைத் தாள்’ உங்க உரிமை!
(திண்டுக்கல் முதலாமாண்டு மாணவர் சந்திப்பில் நம் ஐ.டி. விங் தோழர் பேசியது)

எம்.வி.எம்., ஜி.டி.என். எங்கே பி.ஏ. சேர்ந்திருந்தாலும் பாடத்திட்டத்துல பகுதி 4-ஐப் பாருங்க. பள்ளியில் தமிழ் படிக்காதவங்களுக்கு அங்கே தமிழ்த் தாள். படிச்சவங்களுக்கு என்.எம்.இ., அதாவது வேற துறைப் பாடம். வரலாறு படிக்கிற பொண்ணு கம்ப்யூட்டர் எடுக்கலாம், வணிகவியல் எடுக்கலாம்.

140 கிரெடிட்டில் இதுக்குப் பொதுவா 4 தான். ஆனா பிளஸ் ஒன்ல கேட்ட குரூப் கிடைக்காத பிள்ளைக்கு, மூடின கதவு கொஞ்சமாவது திறக்கிற இடம் இது.

தமிழ்நாட்டுல பல இடங்களில் மொத்த வகுப்பையும் ஒரே தாளுக்கு அனுப்பிடுறாங்க. டைம் டேபிள், லேப், ஆசிரியர் பற்றாக்குறை... காரணம் நிஜம்தான். (இன்ஜினியரிங்ல ‘ஓப்பன் எலெக்டிவ்’னு பேரு, கதை அதேதான்!) அதுக்காக விட்டுடாதீங்க.

முதல் வாரமே துறைத் தலைவரைப் பாருங்க. எந்தெந்தத் துறை தாள் தருது, எத்தனை சீட்னு கேளுங்க. வாயால் கேட்டா மறந்துடும். பத்துப் பேர் கையெழுத்தோட எழுதிக் கொடுங்க.