வண்டியின் எலும்புக்குள் நுரை



பழைய மோட்டார் வண்டியை விற்க மனமின்றி வைத்திருப்போர் நடுவே ஒரு வைத்தியம் பேசப்பட்டு வருகிறது. வண்டியின் அடியில் தகட்டால் மூடிய பெட்டி போன்ற பாகங்கள் உண்டல்லவா? அவற்றினுள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் அவை நுரைத்துப் பொங்கி, இடமெல்லாம் நிறைந்து, சில நிமிடங்களில் கெட்டிப்பட்டுவிடும். அதன் பின் மேடுபள்ளங்களில் வண்டி முனகாது, கதவு அதிராது, திருப்பங்களில் சொன்னபடி கேட்கும் என்கிறார்கள். இவ்வைத்தியத்தில் உண்மை எவ்வளவு, எந்த நோய்க்கு இது மருந்து, எந்த நோயை இது மூடி மறைக்கும் என்பதையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். மாநிலம் விட்டு மாநிலம் வந்து, பழக்கமில்லாத ஊரில் பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கும் நம்மவர்க்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அன்று. பணமும் உயிரும் இதில் அடங்கியுள்ளன.

முதலில் நோயைப் பார்ப்போம். வண்டியின் முன் இடச்சக்கரம் குழியில் இறங்குகிறது. அதே கணத்தில் பின் வலச்சக்கரமும் வேறொரு குழியில் இறங்குகிறது. அப்போது வண்டியின் உடல், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகிறது. இம்முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றலையே பொறியாளர் முறுக்கு விறைப்பு என்பர். வண்டியின் உடலை ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் விசை வேண்டும் என்பது அதற்கு அளவு. பழைய வண்டிகளில் இது சில ஆயிரமாகவே இருந்தது. இன்றைய வண்டிகளில் 20,000-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். விறைப்புக் குறைந்தால் வண்டியின் உடலே ஒரு வில்லாகிவிடுகிறது. சக்கரத்தோடு இணைந்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் செய்ய வேண்டிய வேலையில் உடல் தலையிடுகிறது. ஓட்டுபவர் கைக்கு வண்டி தளர்ந்ததுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

ஆதியில் மோட்டார் வண்டிக்கு ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று அடியில் கிடந்தது. அதன்மேல் உடலைத் தூக்கி வைத்துப் போல்ட் இட்டார்கள். 1922-இல் இத்தாலியின் லான்சியா லாம்டா, 1934-இல் பிரான்சின் சித்ரோவன் முன்சக்கர வண்டி முதலியவை வந்த பின், சட்டமும் உடலும் ஒன்றேயாக அமைக்கும் முறை பரவிற்று. நமது நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரும், பத்மினியும், மாருதி 800-உம் இவ்வகையே. இதற்கு மாறாக, சென்னையில் 1961 முதல் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனிச்சட்டம் உடையது.

தொல்காப்பியத்தின் மரபியலில் ஒரு பாகுபாடு உண்டு. வயிரம் வெளிப்புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், உள்ளே அமைந்தவற்றை மரம் என்றும் அது வகுக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் அக்கணக்கில் புல்லினம். இன்றைய மோட்டார் வண்டியும் புல்லினமே என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள தகட்டை மடித்துப் பெட்டியாக்கி, ஓரங்களைப் பற்றவைத்து, அந்த மேற்றோலிலேயே பலத்தை எல்லாம் வைத்திருக்கிறார்கள். கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளும் பெட்டி, கூரையைத் தாங்கும் தூண்கள், முன்னும் பின்னும் ஓடும் பெட்டிச் சட்டங்கள் எல்லாம் உள்ளீடற்றவையே. கதவுக்குக் கீழுள்ள பெட்டியை, ஏறி இறங்கும்போது காலடியில் வருவதால், இப்பேச்சில் படிப்பெட்டி என்று குறிப்போம்.

மூடிய பெட்டி முறுக்கத்தை நன்றாகவே எதிர்க்கும். முழு மூங்கிலைக் கையால் முறுக்க முடியாது; நீளவாட்டில் ஒரு பிளவு விட்டால் முறுக்கிவிடலாம். ஆயின் மெல்லிய தகட்டுப் பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. பாரம் மிகும்போது இரும்பின் வலிமை தீர்வதற்கு முன்பே தகடு ஓரிடத்தில் நெளிந்து உள்வாங்கிவிடும். வெறும் தகர டப்பாவைக் கையால் நசுக்கலாம். அதே டப்பாவில் அரிசியை அடைத்து மூடிவிட்டால் நசுக்க முடியாது. அரிசி இரும்பைவிட வலியது என்பதனால் அன்று. தகட்டை உள்ளே மடங்க விடாமல் அது தடுப்பதனால். மூங்கிலுக்குக் கணு செய்யும் வேலையும், சோளத்தட்டைக்கு அதன் உள்ளிருக்கும் மென்சோறு செய்யும் வேலையும் இதுவே.

நுரையின் இரகசியமும் இவ்வளவே. நுரைக்கென்று பெரிய பலம் ஏதுமில்லை. இரும்பின் விறைப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட அதற்குத் தேறாது. ஆகவே ஓட்டை ஒடிசல் இல்லாத நீண்ட பெட்டியை நுரையால் நிரப்பி முறுக்கிப் பார்த்தால் அதிக வித்தியாசம் தெரியாது. பெட்டியும் தூணும் சந்திக்கும் மூட்டுகளிலேதான் தகடு உருக்குலைந்து நெளிகிறது. அங்கே நுரை பயன் தருகிறது. கூரையற்ற திறந்த வண்டிகளில் படிப்பெட்டியே ஏறக்குறைய முதுகெலும்பு ஆதலால், 1989-இல் வெளிவந்த மாஸ்டா மியாட்டா போன்ற சிறு வண்டிகளை வைத்திருப்போர் இவ்வேலையில் மிகுந்த ஆர்வம் காட்டிவருகின்றனர். அதன் பயனை அவர்கள் சற்று மிகைப்படுத்தியே பேசுகிறார்கள் என்பது நம் கருத்து. அடைத்த பெட்டி ஒலியை அடக்கும். சத்தம் குறைந்த வண்டி, விறைத்த வண்டிபோல் காதுக்குத் தோன்றுவது இயல்புதானே!

இது கராஜ்காரர்களின் கற்பனை மட்டும் அன்று; வண்டி செய்யும் கம்பெனிகளே இம்முறையைக் கையாளுகின்றன. எப்பாக்ஸி சேர்ந்த பசைக்கட்டி ஒன்றைத் தூணின் உள்ளே முன்கூட்டியே பொருத்திவிடுகிறார்கள். வண்ணம் பூசிய உடல் சூளைக்குள் போகும்போது அவ்வெப்பத்தில் கட்டி நுரைத்து விரிந்து, தகட்டை இறுகப் பற்றிக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது யாதெனில், அவர்கள் பெட்டி முழுவதையும் நிரப்புவதில்லை. கணக்கிட்டு, சாணளவு இடத்தில், தேவையான மூட்டில் மட்டும் வைக்கிறார்கள். ஏனெனில் வண்டியின் முன் சட்டங்கள் மோதலின்போது மடங்குவதற்கென்றே அமைந்தவை. ஆர்மோனியத்தின் துருத்திபோல் அவை மடிந்து மடிந்து மோதலின் வேகத்தை உண்டுவிடுகின்றன. அவற்றை நுரையால் கெட்டிப்படுத்தினால் மடிய வேண்டியது மடியாது. அந்த அதிர்ச்சி உள்ளே அமர்ந்திருப்பவரைச் சேரும். முன் சட்டங்களில் நுரை ஊற்றித் தருகிறேன் என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும், கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுவது நலம்.

இனி நுரையின் பிறப்பு. பாலியூரித்தேன் என்னும் இப்பொருளை ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1937-இல் கண்டனர். ஐசோசயனேட் என்பது ஒரு திரவம், பாலியால் என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால் பிளாஸ்டிக் ஆகின்றன. சிறிது நீரும் கலந்திருந்தால், ஐசோசயனேட் அதனோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும். இட்லி மாவை இரவில் பொங்க வைக்கிறதே, அதே வாயு. சில சரக்குகளில் வேறு ஊதுபொருள்களும் உண்டு. தில்லியின் ஜனவரிக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் தவித்த குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்நுரையும் குளிரில் சரியாகப் பொங்குவதில்லை.

கடையில் டப்பாவில் விற்கும், கதவு ஜன்னல் சந்துகளை அடைக்கும் நுரை இதற்கு உதவாது. அது காற்றின் ஈரத்தைக் குடித்தே கெட்டிப்படுவது. மூடிய பெட்டிக்குள் ஈரம் எட்டாத நடுப்பகுதி நெடுநாள் பிசுபிசுப்பாகவே கிடக்கும். அதன் அடர்த்தியும் கன மீட்டருக்கு 20, 30 கிலோகிராம் அளவுதான். விறைப்புக்கு வேண்டுமாயின் 100 கிலோகிராமை ஒட்டிய அடர்த்தியுள்ள இருதிரவ நுரை வேண்டும். பாரம் மிகுமோ என்ற அச்சம் வேண்டா. ஒன்றரை மீட்டர் நீளமும், 10 சென்டிமீட்டர் உயரமும், 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படிப்பெட்டி 12 லிட்டர் கொள்ளும். அதை நிரப்பும் நுரை 1.2 கிலோகிராம். இருபுறமும் சேர்ந்து இரண்டரை கிலோவைத் தாண்டாது.

பாரத்தைவிட அஞ்ச வேண்டியவை வேறு. 1984 டிசம்பரில் போபாலில் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மீத்தைல் ஐசோசயனேட்டும் இதே குலத்தைச் சேர்ந்தது. விறைப்பான நுரைக்குப் பயன்படும் ஐசோசயனேட் அதைப்போல் எளிதில் ஆவியாவதில்லை என்பது உண்மை. எனினும் அதன் ஆவியும் துளியும் சிலர் நுரையீரலை ஒருமுறை பகைத்துக்கொண்டால், பிறகு மிகச்சிறு அளவும் அவர்களுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, ஜன்னலற்ற ஷெட்டில் ஒரு பையனை இவ்வேலைக்கு உட்கார வைப்பது பாவம். காற்றோட்டமும், கையுறையும், ஆவியைத் தடுக்கும் முகமூடியும் வேண்டும். மேலும் வினையின்போது வெப்பம் பிறக்கிறது. ஒரே மூச்சில் நிறைய ஊற்றினால் உள்நுரை கருகும். பொங்கும் அழுத்தத்தில் தகடு புடைக்கும். சிறிது சிறிதாக, ஒன்று ஆறிய பின்னரே மற்றொன்று என ஊற்ற வேண்டும்.

நுரை நிறைந்த பெட்டியைப் பின்னாளில் பற்றவைக்க நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படும். இரண்டுமே கொல்லும் வாயுக்கள். நுரை இட்ட வண்டியின் சொந்தக்காரர் பட்டறையில் விடும்போதெல்லாம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியை விற்றாலும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். சொல்கிறார்களா என்பது வேறு கதை.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட மூடி மறைத்தல் வருகிறது. மும்பை, விசாகப்பட்டினம், சென்னை ஆகிய கடற்கரை நகரங்களில் உப்புக்காற்று தகட்டை அரிக்கிறது. படிப்பெட்டிக்குள் புகும் மழைநீர் வடியவேண்டி அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அங்கே சேறு அடைத்தால் பெட்டி உள்ளிருந்தே அரிபடும். அரிபட்ட பெட்டியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதுதான் முறையான பரிகாரம். அதற்குக் கூலி அதிகம். நுரையை ஊற்றி, ஓட்டையின்மேல் பட்டி பூசி, வண்ணம் அடித்துவிட்டால் செலவு சொற்பம், பார்வைக்கும் பளபளப்பு. நுரை தாங்குவதற்கு நல்ல தகடு வேண்டும். தகடே துருவாகிப்போன இடத்தில் நுரை எதைத் தாங்கும்? துருத்தூளில் அது ஒட்டுவதுமில்லை. ஒட்டாத இடைவெளியில் நீர் நின்று மிச்சத்தையும் தின்கிறது. வடிகால் துளையையும் நுரை அடைத்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். படிப்பெட்டியின் அடிவிளிம்பு நெடுக அதை நகர்த்தினால், பட்டி கனத்த இடத்தில் பிடிப்பு விட்டுப்போகும். விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். வெறும் பெட்டி கணீரென்னும், அடைத்த பெட்டி மொத்தென்னும். வடிகால் துளை எங்கே என்று கேட்டு, அதனுள் கம்பி நுழைகிறதா என்று பார்க்கலாம். நம் ஊரில் டிங்கரிங் என்பதை வடநாட்டில் டென்டிங் என்பார்கள். அச்சொல்லைத் தெரிந்துகொண்டு, வாங்க நினைக்கும் வண்டியை விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு டென்டிங்காரரிடம் காட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

தகடு நன்றாக இருந்தும் நுரை இட ஆசைப்படுவோர், முதலில் அளந்து பார்ப்பது நல்லது. சமதரையில் முன்மூலை ஒன்றில் மட்டும் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குக. கதவை மூடித் திறந்து பார்க்க, எங்கேனும் உரசுகிறதா? கதவுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியைத் தூக்குமுன்னும் தூக்கிய பின்னும் அளந்து குறித்துக்கொள்க. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழைய வேண்டா. இடைவெளியில் மாற்றம் ஒன்றும் காணாவிடில், குறை உடலில் இல்லை. தேய்ந்த ரப்பர் புஷ்ஷிலோ ஷாக் அப்சார்பரிலோ இருக்கக்கூடும். அவற்றை மாற்றுவது நுரையைவிட எளிது, வேண்டும்போது கழற்றவும் முடியும். மாற்றம் தெரிந்தால், பெட்டியின் உட்புறத்தைக் கழுவி உலர்த்தி, ஒயர்களையும் பெட்ரோல் குழாயையும் வேறு வழியே கொண்டு சென்று, வடிகால் துளைகளில் மெழுகு தடவிய குச்சிகளைச் செருகி வைத்துப் பிறகு ஊற்றலாம். நுரை இறுகியதும் குச்சிகளை உருவிவிட்டு, அவ்வழியே நீர் வடிகிறதா என்று ஒரு சொம்பு தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.