தரகரும் மாப்பிள்ளையும்

(பட்டிமன்றத் தலைப்பு: மக்கள் மனத்தில் இடம்பிடிக்கப் பெரிதும் துணை நிற்பது விளம்பரமா? நம்பிக்கையா? ‘நம்பிக்கையே’ என்னும் அணியில் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசிய எதிரணிச் சகோதரி ஒரு பெயரைச் சொன்னார். பிரசாந்த் கிஷோர். “விளம்பரம் தெரிந்த ஒரு மனிதர் எத்தனை முதலமைச்சர்களை உருவாக்கினார், பாருங்கள்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா, அம்மா பாதிக் கதையைத்தான் சொன்னாங்க. மீதிக் கதையை எனக்காக விட்டுட்டுப் போயிருக்காங்க. (சிரிப்பு)

அந்த முதல் பாதியை நான் மறுக்கவில்லை. பீகார்க்காரர். ஐக்கிய நாடுகள் சபையின் பொது சுகாதாரப் பணியில் இருந்தவர். 2014-ல் மோடி அவர்களுக்குப் பிரசாரம் வகுத்தார். ஊர் ஊராக டீக்கடையில் மக்களை உட்கார வைத்து, தலைவரைத் திரையிலே பேச வைத்தார். வெற்றி! 2015-ல் பீகாரில் நிதிஷ்குமாருக்கு. வெற்றி! 2019-ல் ஆந்திராவில் ஜெகன்மோகனுக்கு. 175 இடத்தில் 151. 2021-ல் மேற்கு வங்காளத்தில் மம்தா, நம்ம தமிழ்நாட்டில் ஸ்டாலின். இரண்டும் வெற்றி!

சரி. அப்படியானால் 2017-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த ஆண்டு அவர் பஞ்சாபில் காங்கிரசுக்கு வேலை செய்தார். 117-ல் 77. ஆட்சி வந்தது. அதே ஆண்டு, அதே காங்கிரசுக்கு, உத்தரப் பிரதேசத்திலும் வேலை செய்தார். 403-ல் எத்தனை தெரியுமா? ஏழு! அதே மனிதர், அதே கட்சி, அதே ஆண்டு. விளம்பரம்தான் ஜெயிக்க வைக்கும் என்றால் இரண்டு இடத்திலும் ஜெயித்திருக்க வேண்டாமா? பஞ்சாபில் அமரீந்தர் சிங் என்று மக்களுக்குப் பழகிய முகம் ஒன்று இருந்தது. உ.பி.யில் அந்தக் கட்சி மேல் இருந்த நம்பிக்கை எப்போதோ கரைந்து போயிருந்தது. விளக்கைத் தூண்டிவிடலாங்க. எண்ணெயே இல்லாத விளக்கை எங்கே தூண்டுவது? (கைதட்டல்)

எங்க ஊர்ப் பக்கம் கல்யாணத் தரகர்கள் உண்டு. “பையன் தங்கம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான்” என்பார். பிறகுதான் தெரியும், எந்நேரமும் வாயில் வெற்றிலை! (சிரிப்பு) நூறு கல்யாணம் முடித்து வைத்த அந்தத் தரகர் ஒருநாள் தனக்கே பெண் கேட்டுப் போனார். பெண்ணின் அப்பா கேட்டார்: “ஐயா, இவ்வளவு நாளாய் மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னீர்கள், நம்பினோம். இப்போது உங்களைப் பற்றிச் சொல்ல யார் வந்திருக்கிறார்கள்?” (பலத்த கைதட்டல்)

பீகார் மக்கள் கேட்டதும் அதைத்தான். 2018-ல் நிதிஷ்குமார் கட்சியில் சேர்ந்தார், 2020-ல் நீக்கப்பட்டார். 2022 அக்டோபர் 2-ல் சம்பாரணில் நடைப்பயணம் தொடங்கினார். 2024 அக்டோபர் 2-ல் ஜன் சுராஜ் கட்சி பிறந்தது. அந்த ஆண்டே நான்கு இடைத்தேர்தல். நான்கிலும் தோல்வி. 2025 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல். 238 தொகுதிகளில் ஆட்களை நிறுத்தினார். அவர் மட்டும் எதிலும் நிற்கவில்லை. தரகர் மணமேடை வரைக்கும் வந்துவிட்டு மாலையை வாங்கவில்லை! கிடைத்த இடம், பூஜ்யம்.

உடனே எதிரணி கேட்கும்: “ஐயா, ஊர் ஊராக நடந்தாரே, அது நம்பிக்கை வளர்ப்பது இல்லையா?” ஆமாம், அதுதான். தோற்றவரைப் பார்த்துச் சிரிக்க நான் வரவில்லை. “சாதியைப் பார்க்காதே, உன் பிள்ளையின் படிப்பைப் பார்த்து ஓட்டுப் போடு” என்று அவர் சொன்னது நல்ல வார்த்தை. ஆனால் தென்னம்பிள்ளை நட்ட மூன்றாம் வருஷமே இளநீர் எதிர்பார்த்தால் எப்படி? 2006-ல் நிதிஷ் அரசு பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் திட்டம் கொண்டு வந்தது. அன்றைக்குச் சைக்கிள் மிதித்த பெண் இன்றைக்குப் பிள்ளை பெற்ற தாய். 2016-ல் மதுவிலக்கு வந்தது. இவரோ, “ஆட்சிக்கு வந்த ஒரு மணி நேரத்தில் மதுவிலக்கை எடுப்பேன்” என்றார். தாய்மார்களே, அதற்கு உங்கள் பதில் என்னவென்று நான் சொல்ல வேண்டுமா? (சிரிப்பு, கைதட்டல்) தேர்தலுக்கு முன் பெண்கள் கணக்கில் 10,000 ரூபாய் போட்டார்களே என்றால், போட்டார்கள். அதுவும் ஒரு காரணந்தான். ஆனால் அதற்குப் பின்னால் இருபது வருஷப் பழக்கம் இருந்ததே!

ஆராய்ந்து பார்த்து நம்புவதற்காகவே வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். நம்மிடம் வெளியிலே நல்ல பேர் வாங்கத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. ஊரெல்லாம் புகழும் அப்பாவைப் பார்த்து வீட்டுக் குழந்தை, “அப்பா, நீங்க சொன்னா நடக்குமா?” என்று கேட்டால், அந்த வீட்டில் எந்தச் சுவரொட்டி ஒட்டுவது?

கடைசியாக ஒன்று. தோல்விக்குப் பொறுப்பு முழுவதும் தன்னுடையதுதான் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு, 1917-ல் காந்தியடிகள் தொடங்கிய பிதிஹர்வா ஆசிரமத்துக்குப் போய், ஒருநாள் உண்ணாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு வழி சொல்லியே பேர் வாங்கியவர், வாயை மூடி உட்கார்ந்தார். பிறர் வெற்றிக்கு வகுத்த அத்தனை வார்த்தைகளை விடவும், அந்த மௌனத்தைத்தான் நான் மதிக்கிறேன். நம்பிக்கை என்கிற தென்னை அங்கேதான் வேர் விடும்.

ஆகவே நடுவர் அவர்களே, விளம்பரம் வாசல் வரைக்குந்தான் கூட்டிக்கொண்டு வரும். கதவைத் திறப்பது நம்பிக்கைதான் என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)